நடிகையும் நியாய வேதனமும்

கலைஞர் ஒருவர் தம் கலைக்கு உரிய ஊதியத்தைக் கேட்கலாமா? இதற்கு விடை கூறுவது எளிதெனத் தோன்றும். தச்சன் கூலி கேட்டால் நாம் வியப்பதில்லை. மருத்துவர் கட்டணம் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டாயினும் கொடுத்துவிடுகின்றோம். ஆயின் கலைஞர், அதிலும் பெண்ணாகப் பிறந்த கலைஞர், தம் உழைப்புக்குக் கிடைப்பது போதாதென்று வாய் திறந்தால், பேராசைக்காரி என்னும் பட்டத்தை உடனே சூட்டிவிடுகின்றோம். கலை தெய்விகமானது, அதனை விலை பேசலாகாது என்ற உபதேசமும் கூடவே வந்து சேர்கின்றது. அந்தக் கலையைக் காண்பதற்கு வாயிலிலே நுழைவுச்சீட்டு விற்கப்படுவதை மாத்திரம் நாம் மறந்துவிடுகின்றோம்.

இவ்விடயத்தைச் சிந்திப்பதற்கு ஆங்கில நடிகை டயனா றிக் அம்மையாரின் வாழ்க்கை நமக்குப் பெரிதும் துணைசெய்யும். மேடையிலும் திரையிலும் தொலைக்காட்சியிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடித்துப் பெரும்புகழ் ஈட்டியவர் அவர்.

1938ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த டொன்காஸ்டர் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் இந்தியாவில், பீக்கானேர் சமஸ்தானத்தின் புகையிரதப் பகுதியிலே பணியாற்றியவர். ஆதலின் பிறந்து இரண்டு திங்களே நிறைந்த குழந்தை அங்கே கொண்டு செல்லப்பட்டது. எட்டு வயது வரையில் இராஜஸ்தானத்துப் பாலைவெயிலிலே வளர்ந்து, ஹிந்தி மொழியையும் சரளமாகப் பேசிய அச்சிறுமி, பின்னர் யோர்க்ஷயரிலுள்ள கிறித்தவ விடுதிப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். குளிரும் கட்டுப்பாடும் மிகுந்த அவ்விடம் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. எனினும் அங்கேதான் நாடகத்தின்பால் அவருடைய நாட்டம் திரும்பியது. பின்னர் இலண்டனிலுள்ள அரச நாடகக்கலைக் கழகத்திலே பயின்று, 1959ஆம் ஆண்டில் ஸ்ட்ராட்போட் நகரின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவிலே சேர்ந்தார்.

அக்குழுவிலே பெற்ற பயிற்சி சாமானியமானதன்று. சிறு வேடங்களிலே தொடங்கிப் படிப்படியாக உயர்ந்த அவர், 1962இல் பீற்றர் புறூக் நெறிப்படுத்திய 'லியர் மன்னன்' நாடகத்திலே கோடீலியா பாத்திரத்தை ஏற்றார். மன்னனாக நடித்தவர் புகழ்பெற்ற போல் ஸ்கோபீல்ட். 1964இல் அந்நாடகம் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் அமெரிக்காவிலும் மேடையேறியது. வாய்மொழியை எவ்வாறு தெளிவாக உச்சரிப்பது, மௌனத்தை எவ்விடத்திலே நிறுத்துவது என்பனவெல்லாம் இவ்வாண்டுகளில் அவருக்குக் கைவந்தன.

இனி நாம் முக்கியமான கட்டத்துக்கு வருகின்றோம். 'த அவெஞ்சர்ஸ்' என்னும் துப்பறியும் தொடர் பிரித்தானியத் தொலைக்காட்சியிலே அக்காலத்திற் பெரிதும் விரும்பப்பட்டது. அதன் நாயகி விலகிச் சென்றமையால் அவ்விடத்துக்கு ஒருவர் தேவைப்பட்டார். அத்தொடரை ஒரு தடவையேனும் பார்த்திராத டயனா றிக், தேர்வுக்குச் சென்று எம்மா பீல் என்னும் பாத்திரத்தைப் பெற்றார். 1965ஆம் ஆண்டு ஒக்டோபரிலே அவர் நடித்த பகுதிகள் ஒளிபரப்பாகத் தொடங்கின. எம்மா பீல் அறிவியல் கற்றவள். வாள்வீச்சிலும் மற்போரிலும் வல்லவள். நாயகனாகிய ஜோன் ஸ்டீடுக்கு உதவியாளாய் நில்லாது சமமாய் நிற்பவள். ஆபத்தில் அகப்பட்டு அலறாது ஆபத்தை எதிர்த்து அடிப்பவள். இத்தகைய பெண்பாத்திரத்தை அந்நாளைய தொலைக்காட்சியிற் காண்பது அரிது. அடுத்த ஆண்டிலே தொடர் அமெரிக்காவுக்கும் சென்றது. டயனா றிக்கின் பெயர் அத்திலாந்திக் சமுத்திரத்தின் இருகரைகளிலும் வீட்டுக்கு வீடு வழங்கலாயிற்று.

இத்தனை புகழுக்குமிடையே ஓர் உண்மை அவருக்குத் தெரியவந்தது. தொடரின் நாயகியாகிய தமக்குக் கொடுக்கப்படும் வேதனம், தம்மைப் படம்பிடிக்கின்ற கமராக்காரருக்குக் கொடுக்கப்படும் வேதனத்தினும் குறைந்தது என்பதே அது. திரையிலே ஆணுக்கு நிகராக உலகெங்கும் காட்டப்பட்ட பெண், சம்பளப் பதிவேட்டிலே அவ்வாறு எண்ணப்படவில்லை. அவர் வாளாவிருந்தாரல்லர். ஊதியத்தை உயர்த்தினாலன்றித் தொடர்ந்து நடிக்கமாட்டேன் என்று உறுதியாக உரைத்தார். தயாரிப்பாளர்கள் ஈற்றில் இணங்கினர்.

ஆனால் அந்த வெற்றிக்கு அவர் கொடுத்த விலை ஒன்றுண்டு. பத்திரிகைகள் அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று எழுதின. திரைத்துறையைச் சேர்ந்த ஒரு பெண்ணாவது தமக்கு ஆதரவாகப் பேசவில்லை என்றும், உடன் நடித்த பற்றிக் மக்னீயும் துணைநிற்கவில்லை என்றும், அரை நூற்றாண்டுக்குப் பின்னர் 2019ஆம் ஆண்டிலே அவர் நினைவுகூர்ந்தார். தாம் வேண்டியது சமத்துவம் ஒன்றே என்றும், அதைப் பற்றி இன்னமும் பேசவேண்டியிருக்கின்றதே என்றும் அப்போது அவர் மனம் வருந்தினார்.

அந்நாட்டிலே இக்கோரிக்கை புதியதுமன்று. நீண்ட காலம் போராடிய ஆசிரியைகளுக்குச் சம வேதனம் வழங்க 1955இல் அரசாங்கம் இணங்கி, 1961ஆம் ஆண்டளவிலே அதனை நிறைவேற்றியது. 1968இல் டகனம் என்னுமிடத்திலுள்ள போர்ட் மோட்டார்த் தொழிற்சாலையிலே, வாகன இருக்கைகளின் உறைகளைத் தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னரே 1970இல் சம ஊதியச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தது 1975ஆம் ஆண்டின் இறுதியிலேதான். ஆசிரியைகளுக்குச் சங்கம் இருந்தது. தையற்பெண்கள் கூட்டமாக வெளியேறினார்கள். டயனா றிக் கேட்டபோதோ அவர் தன்னந்தனியே நின்றார். அத்தனிமையை எண்ணும்போதுதான் அவருடைய துணிவின் அளவு நமக்குப் புலனாகின்றது.

பணமே குறியாயிருந்தவர் எவ்வழியிற் சென்றிருப்பார்? அதே வேடத்தை ஆண்டுக்கணக்கில் நடித்துப் பொருள் குவித்திருப்பார். அம்மையாரோ அத்தொடரில் நடித்துக்கொண்டிருந்த 1966ஆம் ஆண்டிலேயே ஸ்ட்ராட்போட் மேடைக்குத் திரும்பிச் சென்று, ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்திலே வயோலாவாக நடித்தார். அதன்பின் தொடரை விட்டு நீங்கி, 1969இல் வெளிவந்த ஜேம்ஸ் பொண்ட் திரைப்படத்திலே அவ்வீரனை மணந்து அன்றே மாண்டுபோகும் மனைவியாகத் தோன்றினார். எழுபதுகளிலே இலண்டன் தேசிய நாடக அரங்கிலே ரொம் ஸ்டொப்பாட்டின் நாடகத்திலும் மொலியேரின் நாடகத்திலும் நடித்தார்.

இகழ்ச்சியும் அவரை விட்டபாடில்லை. 1971இல் நியூயோர்க் நகரிலே அவர் நடித்த நாடகத்தைக் கண்ட விமர்சகர் ஒருவர், நடிப்பை விட்டுவிட்டு, அவருடைய உடலமைப்பைக் கட்டடத்துக்கு ஒப்பிட்டு ஏளனஞ் செய்தார். அம்மையார் அதற்கு விடையிறுத்த முறை சுவையானது. ஏனைய நடிகர்களுக்கும் கடிதம் எழுதி, அவர்கள் பெற்ற மிகக் கொடிய விமர்சனங்களைத் திரட்டி, தமக்குக் கிடைத்ததையும் சேர்த்து, 1982இல் ஒரு நகைச்சுவை நூலாகவே வெளியிட்டுவிட்டார்! வசையை வாசகர் சிரிக்கும் விருந்தாக மாற்றுவதற்கு மனத்திலே எத்துணை உரம் வேண்டும்!

வயது ஏற ஏற நடிகையருக்கு வேடங்கள் அருகிவிடுவது உலக வழக்கு. அவர் வாழ்விலோ முதுமை புதிய விளைச்சலைத் தந்தது. பீபீசீ தயாரித்த 'தாயன்பு' என்னுந் தொடரிலே, மகன்மீது கொண்ட பாசம் நஞ்சாகத் திரிந்த தாயாக நடித்து, 1990இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் விருதைப் பெற்றார். 1994இல், பழங்கிரேக்க நாடகமாகிய 'மெடியா'வில் நடித்தமைக்காக அமெரிக்க நாடகத்துறையின் ரோனி விருது கிடைத்தது. அதே ஆண்டில் டேம் என்னும் உயர்பட்டத்தையும் பெற்றார். 1997இல் 'ரெபெக்கா' தொலைக்காட்சி நாடகத்துக்காக எமி விருது வந்தது. எழுபத்தைந்து வயதை அண்மிய காலத்தில், 2013இலே, 'கேம் ஒப் த்ரோன்ஸ்' தொடரில் நாவன்மையும் சூழ்ச்சியும் மிக்க முதுபெண்மணியாகத் தோன்றினார். எம்மா பீலை அறியாத இளந்தலைமுறையினரும் அவரைப் போற்றினர். 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி, தமது 82ஆவது வயதில் அவர் புற்றுநோயால் மறைந்தார்.

நேயர்களே, சட்டம் வந்ததோடு காரியம் முடிந்துவிட்டதெனக் கருதவேண்டாம். எலிசபெத் மகாராணியாரின் வாழ்வைச் சித்திரிக்கும் 'த கிரவுன்' என்னுந் தொடரிலே, மகாராணியாக நடித்த கிளெயர் போய்க்குக் கொடுக்கப்பட்ட வேதனம், கணவராகிய இளவரசராக நடித்தவரின் வேதனத்தினும் குறைந்தது என்பது 2018ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. அரசியாக நடித்தவருக்கே அந்நிலையெனின், ஏனைய பெண்களைப் பற்றி என் சொல்வது! ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. 2018இல் பொதுமக்கள் கேள்வி எழுப்பினர். தயாரிப்பாளர்கள் வருத்தந் தெரிவிக்க நேர்ந்தது. டயனா றிக்கின் காலத்திலோ கேட்டவரே குற்றவாளியானார்.

நியாயமான ஊதியத்தைக் கேட்பவரின் தலைமீது பேராசை என்னும் பழி எளிதில் விழுந்துவிடுகின்றது. குறைத்துக் கொடுப்பவரின் ஆசையை எவரும் அளந்து பார்ப்பதில்லை. ஆதலின் நம் மத்தியிலே ஒரு பெண் தன் உழைப்பின் பெறுமதியைக் கேட்கும்போது, அவள் ஏன் கேட்டாள் என்று வினவுமுன், அவளுக்குத் துணையாகப் பேசுவதற்கு நாம் ஏன் எழவில்லை என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.