ஒரு தட்டு அத்தோவுக்கு 270 கிலோமீட்டர்

இன்னிக்கு பாரிமுனை அத்தோ பத்திப் பேசப்போறோம். ஆனா ஜப்பான்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஃபுகுஷிமா மாகாணத்துல கிட்டகாட்டான்னு ஒரு சின்ன ஊர். நாம இட்லி கடைக்குப் போற மாதிரி, அங்கே காலையிலேயே ராமென் கடைக்குப் போவாங்க. அதைச் சாப்பிடுறதுக்குன்னே வெளியூர்க்காரங்க ரயில் ஏறி வர்றாங்க. ஆனா அந்த ஊருக்கு ராமெனைக் கொண்டுவந்தவர் ஜப்பான்காரர் இல்ல. 1920களில் சீனாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு இளைஞர். தள்ளுவண்டியில வச்சு வித்தார். இன்னிக்கு அந்த ஊரோட அடையாளமே அதுதான்.

நம்மகிட்டயும் இதே மாதிரி ஒரு தள்ளுவண்டி நூடுல்ஸ் கதை இருக்கு.

பிரிட்டிஷ் காலத்துல அரிசி ஆலை, துறைமுகம், வட்டிக்கடைன்னு ஏகப்பட்ட தமிழர்கள் பர்மாவுக்குப் போனாங்க. 1962ல நே வின் ராணுவ ஆட்சி வந்துச்சு. 1964ல கடைகளை அரசாங்கமே எடுத்துக்கிச்சு. அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. கடையும் போச்சு, கையில இருந்த காசும் போச்சு. குடும்பம் குடும்பமா கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து இறங்கினாங்க. அப்படி வந்தவங்களுக்காக 1969ல துறைமுகத்துக்குப் பக்கத்துலயே உருவானதுதான் பர்மா பஜார். அதுக்குப் பின்னாடி இருக்கிற செகண்ட் லைன் பீச் ரோட்டுலதான் அத்தோ வண்டிகள் நிக்குது.

பர்மிய மொழியில 'அதோக்'னா கலந்து பிசைஞ்சதுன்னு அர்த்தம். பேருக்கு ஏத்த மாதிரி செய்முறையும் அதேதான். வெந்து ஆறின தடிமனான நூடுல்ஸ், பொடியா நறுக்கின முட்டைகோஸ், பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணி, எண்ணெய். எல்லாத்தையும் போட்டு கையாலேயே பிசைவாங்க. மேல பேஜோவை நொறுக்கிப் போடுவாங்க. 'பே'ன்னா பருப்பு, 'ஜோ'ன்னா பொரிச்சது. நம்ம தட்டைக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கோங்க.

கூடவே ஒரு கிண்ணத்துல வாழைத்தண்டு சூப். அதே சூப்ல நூடுல்ஸைப் போட்டா மொய்ங்கோ. பர்மாவுல அந்தக் குழம்புல மீன் இருக்கும். இங்க வாழைத்தண்டு மட்டும் தங்கிடுச்சு. அவிச்ச முட்டையைக் கீறி, உள்ள வறுத்த வெங்காயத்தை அடைச்சு, புளித்தண்ணி ஊத்தித் தர்ற முட்டை மசாலாவை விட்டுடாதீங்க. செட்டிகுளம் சின்ன வெங்காயம் தின்னு வளர்ந்த பெரம்பலூர்க்காரன் நான். வெங்காய விஷயத்துல அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் மார்க் போட மாட்டேன். அந்த முட்டைக்குப் போட்டேன்.

"ஆர்டர் பண்ணா வீட்டுக்கே வருமே, எதுக்கு அவ்வளவு தூரம்?"னு கேப்பீங்க. வரும். ஆனா பேஜோ அரை மணி நேரத்துல நமத்துப் போகும், நூடுல்ஸ் புளித்தண்ணியை எல்லாம் குடிச்சிடும். எதிர்ல நிக்கிறவருக்குப் பிசையற சாப்பாடு அது. காரம் கூட வேணுமா, புளி கொஞ்சம் தூக்கலா வேணுமான்னு நம்ம முகத்தைப் பார்த்துக் கேட்டுத்தான் கை நகரும். அதை எந்த ஆப்ல போய் டைப் பண்ணுவீங்க?

நான் போகச் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 1964ல இருபது வயசுல கப்பல் ஏறினவங்களுக்கு இப்போ எண்பது தாண்டியாச்சு. ரங்கூன் தெருவுல சாப்பிட்ட ருசியை நாக்குல வச்சிருந்து, "இன்னும் கொஞ்சம் புளி"ன்னு திருத்திச் சொல்ல ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது. கிட்டகாட்டாவுல அந்தத் தள்ளுவண்டிச் சாப்பாடு ஊரோட பெருமையா மாறுனதுக்குக் காரணம், ஜனங்க தேடிப் போய்ச் சாப்பிட்டதுதான். நம்ம அத்தோ அறுபது வருஷம் ஆகியும் பிளாட்பாரத்துலதான் நிக்குது. வண்டி தள்ளுறவரோட பொண்ணோ பையனோ நாளைக்கு அதை எடுத்து நடத்தணும்னா, அதுல வருமானமும் இருக்கணும், மரியாதையும் இருக்கணும். அந்த ரெண்டும் நாம போய் நின்னாத்தான் வரும். ரீல்ஸுக்கு லைக் போட்டா வராது.

எங்க பக்கத்துக்காரங்களுக்கு வழி சொல்லிடறேன். பெரம்பலூர்ல ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. அரியலூர் போய் பல்லவன் பிடிச்சா மதியம் எழும்பூர். அங்கிருந்து எலக்ட்ரிக் ட்ரெயின்ல பீச் ஸ்டேஷன். பஸ்ஸுன்னா நாலு ரோட்டுல ஏறி கிளாம்பாக்கம், அப்புறம் வண்டலூர்ல இருந்து நேரா பீச். சுமார் 270 கிலோமீட்டர். சாயங்காலமா போய்ச் சேர்ற மாதிரி கிளம்புங்க.

சூப்பை இன்னொரு தடவை கேட்டாலும் ஊத்துவாங்க. கூச்சப்படாம கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.