மகோகனி வேட்டை

மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்று ஒரு சின்ன நாடு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய தொழிலே மகோகனி வெட்டுவதுதான். அந்த மரம் தோப்பாக நிற்காது; காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். தேடிப் பிடிக்கவே 'வேட்டைக்காரர்' என்று ஒருவர் உண்டு. ஆகஸ்டில் இலை செம்பழுப்பாகும். உயர்ந்த மரத்தில் ஏறி, நிறத்தைப் பார்த்தே இடம் சொல்லிவிடுவார்!

அடிமரம் பெருத்திருக்கும். அதனால் 10, 12 அடி உயரத்தில் பரண் கட்டி, அதில் நின்று வெட்டினார்கள். வெட்டிய கட்டைகளை ஆற்றுக்கு இழுக்கும் மாடுகளுக்குப் பகல் வெயில் தாங்காது. இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் இழுத்தார்கள். மழையில் ஆறு பெருகியதும் கட்டைகள் கடலோரம் மிதந்துவரும். அங்கே சதுரமாகச் செதுக்கிக் கப்பலேற்றுவார்கள்.

இப்படிப் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர், 1838 வரை, ஆப்பிரிக்க அடிமைகள். இன்றைய பெலீஸ் கொடியில் மகோகனி மரமும், கோடாரியோடும் துடுப்போடும் இரண்டு தொழிலாளிகளும் இருக்கிறார்கள். மகோகனியில் செய்த மேசை நாற்காலி வாங்கிய சீமான்கள் யாரென்று தெரியாது. மரம் வெட்டியவர் கொடியில் ஏறிவிட்டார்!