பண்டிகைக் காலத்துக் கைவேலைகளும் பலகாரங்களும்

(தர்மபுரி ஜில்லா கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்றும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். இந்த நான்கு மாதங்களில்தான் பண்டிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நவராத்திரிக் கொலு, ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகைத் தீபம் ஆகியவை முடிந்ததும், மார்கழியில் கிறிஸ்தவ அன்பர்களின் பண்டிகையும், தையில் பொங்கலும் வந்துவிடுகின்றன. ஆனால் குடியானவனுடைய கையில் பணம் இருக்கும் காலம் இதுவன்று. மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் சாமையும் கதிர் விட்டு நிற்கும், களத்திற்கு வந்திராது. நிலக்கடலை பறித்திருந்தாலும் விற்ற பணம் உர பாக்கிக்குப் போயிருக்கும். செலவு முன்னே வருகிறது, வரவு பின்னே வருகிறது. இந்த இடைவெளியில்தான் கடன் புகுகின்றது.

பண்டிகைக் கடன் சிறியதாகத் தோன்றும். ஒரு குடும்பம் தீபாவளிக்காக 10,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 500 ரூபாய் வட்டி. அடுத்த தீபாவளிக்குள் 6,000 ரூபாய் வட்டி கட்டியிருப்பார்கள். முதல் அப்படியே நிற்கும். ஒரு நாளில் உடுத்திக் கிழிந்த துணிக்கும், ஒரு நாழிகையில் வெடித்துப் போன பட்டாசுக்கும், ஆண்டு முழுவதும் கூலி வேலை செய்ய நேரிடுகிறது. பண்டிகை கொண்டாட வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் பண்டிகைக்கு வேண்டியவற்றுள் வீட்டிலேயே செய்யக்கூடியவை எவை, அவற்றுள் விற்று நாலு காசு பார்க்கக்கூடியவை எவை என்று சிந்திப்பது நலம்.

இந்த ஜில்லாவிற்கு இது புதிய வழியன்று. சேலம் ஜில்லாவிலிருந்து 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தர்மபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்தது. 1989-ஆம் ஆண்டில் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாட்டில் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டபோது, முதன்முதல் தொடங்கிய இடம் தர்மபுரியே. சிறு தொகைகளைச் சேர்த்து, தமக்குள் கடன் கொடுத்து வாங்கி, சொந்தமாகக் கணக்கு எழுதிக்கொள்ளும் பழக்கம் இங்கிருந்துதான் மற்ற ஜில்லாக்களுக்குப் பரவியது. அந்தப் பழக்கத்தைப் பண்டிகைக் காலத்திற்கும் நீட்டுவதே இங்கு சொல்லப்படுவது.

கொலுவிற்கு உரியவை

நவராத்திரிக்கு வேண்டிய கூடை, தட்டு, சிறு பொம்மை முதலியவற்றைப் பழைய காகிதத்தால் செய்யலாம். நம் பாட்டிமார் அறிந்த வேலையே இது. பழைய காகிதத்தைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி ஊற வைக்கவேண்டும். ஊற வைத்த வெந்தயத்தைச் சேர்த்து உரலில் இட்டு வெண்ணெய் போல் இடிக்கவேண்டும். வெந்தயம் கூழுக்குப் பிடிப்புத் தரும். கவிழ்த்து வைத்த பானையின்மேல் மெல்லிய துணியைப் போர்த்தி, இந்தக் கூழை ஒரே கனமாக அப்பி, முதலில் நிழலிலும் பின்னர் வெயிலிலும் உலர்த்தினால் கூடை தானாகவே கழன்று வரும்.

மேலே காகிதம் ஒட்டுவதற்குக் கடைப் பசை வாங்கவேண்டியதில்லை. தர்மபுரி ஜில்லாவில் புளிய மரத்திற்குக் குறைவில்லை. புளி தட்டும் வீடுகளில் கொட்டை குவிந்து கிடக்கும். அதை மணலில் வறுத்து, இடித்து, கருந்தோலை நீக்கி, இரவு முழுவதும் ஊற வைத்து அரைக்கவேண்டும். தண்ணீர் விட்டுக் கைவிடாமல் கிளறிக் காய்ச்சினால் உறுதியான பசை கிடைக்கும். பூச்சி அரிக்காமல் இருப்பதற்குச் சிலர் பசையில் மயில் துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. அத்தகைய கூடையில் தின்பண்டம் வைக்கக் கூடாது. அச்சுக் காகிதத்தில் மை இருப்பதனால், எந்தக் காகிதக் கூடையானாலும் பூ, மஞ்சள், குங்குமம் வைக்க மட்டுமே உபயோகிப்பது உத்தமம்.

இந்த வேலைக்கு வெயில் வேண்டும். புரட்டாசி மழையில் கூழ் காயாமல் பூஞ்சை பிடித்து வீணாகும். ஆகையால் ஆவணி மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். பண்டிகை வந்த பிறகு தொடங்குகிறவன் பண்டிகை போன பிறகு முடிப்பான்.

பட்டு வளர்க்கும் குடும்பங்களுக்கு வேறொரு பொருளும் உண்டு. தர்மபுரியில் பட்டுக்கூட்டு அங்காடி நடைபெறுவது யாவரும் அறிந்ததே. பூச்சி துளைத்து வெளிவந்த கூடுகளில் நூல் ஒரே இழையாக வராது; நல்ல விலையும் கிட்டாது. அவற்றை இதழ் இதழாக வெட்டிச் சாயம் ஏற்றிக் கோத்தால் வாடாத மாலையும் மலர்க்கொத்தும் ஆகும். கழிவென்று தள்ளிய பொருள் கொலுப் படியிலும், வரவேற்பு மேசையிலும் ஏறிவிடுகிறது. கத்தரிக்கோல், ஊசி, நூல், சாயம் இவையே முதல்.

விளக்கும் மாவலியும்

கார்த்திகை அகல் விளக்கை வீட்டில் செய்து சுடுவது எளிதன்று. சூளை வைக்கத் தெரியாமல் சுட்ட விளக்குப் பாதி உடையும். அந்தத் தொழில் குயவருக்கு உரியது. அவர்களிடமே மொத்தமாக வாங்கி, புறப்பக்கத்தில் சுண்ணாம்பும் காவியும் கொண்டு கரை எழுதி விற்பது இரு வீட்டாருக்கும் பிழைப்பாகும். திரி எரியும் உட்புறத்திலும் விளிம்பிலும் எண்ணெய்ச் சாயம் பூசக் கூடாது, தீப்பற்றும். வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவேண்டும்: புது அகலைத் தண்ணீரில் ஊற வைத்து உலர்த்திய பிறகு ஏற்றினால், அது எண்ணெயைக் குடிப்பது குறையும்.

பிள்ளைகளுக்குக் கார்த்திகை என்றால் மாவலிதான். ஆண் பனையின் பூவைக் காய வைத்து, குழியில் இட்டுக் கொளுத்தி, சாம்பலாகிவிடாதபடி மண்ணால் மூடினால் கரியாகும். அந்தக் கரியை நன்றாகத் தூளாக்கி, பழைய பருத்தித் துணியில் வைத்துச் சுருட்டி, இறுகக் கட்டவேண்டும். பிளந்த பனை மட்டைகளின் இடையில் அதைச் செருகி, கயிறு கட்டி, நெருப்பு வைத்துச் சுழற்றினால் பொன்மழை போலப் பொறி சிதறும். காசு கொடுத்து வாங்கும் மத்தாப்பிற்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று. பனை மரம் காக்கப்படுவதற்கும் இஃது ஒரு காரணமாகும். எனினும் நெருப்பு நெருப்பே. வைக்கோற்போரும் கூரை வீடும் இல்லாத வெட்டவெளியில், பருத்தி உடை உடுத்தி, பெரியவர் ஒருவர் அருகில் நிற்க, ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டே சுழற்ற வேண்டும்.

பலகாரங்கள்

நம் ஜில்லாவின் செல்வம் சிறுதானியம். வத்தல்மலையிலும் சித்தேரி மலையிலும் சாமை விளைகிறது. அதை அப்படியே விற்றால் வியாபாரி சொல்வதே விலை. பலகாரமாக்கினால் செய்கிறவர் சொல்வது விலையாகும்.

தினை அல்லது சாமை அதிரசத்திற்கு, அரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, நிழலில் ஈரம் போகாமல் உலர்த்தி, இடித்துச் சலிக்கவேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் கணக்கு. பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் மெத்தென்று உருட்ட வரும் பதமே சரியான பதம். பதம் குறைந்தால் எண்ணெயில் பிரியும், மிஞ்சினால் கல்லாகும். ஏலமும் சுக்கும் கலந்து, மாவை ஒரு நாள் மூடி வைத்துப் பிறகு தட்டி, சிறு தீயில் சுட்டு, எண்ணெயைப் பிழிந்து எடுக்கவேண்டும். கேழ்வரகு முறுக்கிற்குக் கேழ்வரகு மாவு மட்டும் போதாது, ஒடிந்துவிடும். அரிசி மாவும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்தால் பிடிப்பு உண்டாகும். ஒரு முறை காய்ந்து கறுத்த எண்ணெயை மறுபடியும் காய்ச்சுவது, வாங்கியவருக்கு உடற்கேடும் விற்றவருக்குப் பெயர்க்கேடும் தரும்.

எல்லாவற்றிலும் எளியது கடலை உருண்டை. நிலக்கடலையை மணலில் வறுத்துத் தோல் நீக்கி, கெட்டிப் பாகில் போட்டுச் சூட்டோடு உருட்டுவதே வேலை. பாகைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலிக்கவேண்டும். சுருங்கிய பருப்பையும் பூஞ்சை பிடித்த பருப்பையும் வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறிய வேண்டும். பூஞ்சையினால் உண்டாகும் நஞ்சு வறுத்தாலும் முற்றும் நீங்காது, ஈரலைக் கெடுக்கும். "ஒரு பிடிதானே" என்று சேர்ப்பவர் தம் பிள்ளைக்கு அதைக் கொடுப்பாரா என்று யோசிக்கவேண்டும்.

கணக்கு

கைத்திறன் உள்ள பலர் நஷ்டப்படுவதற்குக் காரணம் கணக்கின்மையே. உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும், முறை மாறாது.

நிலக்கடலைப் பருப்பு 5 கிலோ 700 ரூபாய். வெல்லம் இரண்டரைக் கிலோ 150 ரூபாய். ஏலம், சுக்கு 30 ரூபாய். எரிபொருள் 60 ரூபாய். பையும் சீட்டும் 60 ரூபாய். ஆக 1,000 ரூபாய். உடைந்தது போக 240 உருண்டைகள் கிடைத்தால், பத்து உருண்டை கொண்ட 24 பைகள் ஆகும். ஒரு பையை 50 ரூபாய்க்கு விற்றால் 1,200 ரூபாய் வரும். "200 ரூபாய் லாபம்" என்று மகிழ்ச்சி தோன்றும். ஆனால் இரண்டு பெண்கள் ஐந்து மணி நேரம் உழைத்தார்கள் அல்லவா? பத்து மணி நேரத்திற்கு 200 ரூபாய் என்றால் மணிக்கு 20 ரூபாய் கூலி. இது லாபமன்று, உழைப்பை அரை விலைக்கும் குறைவாக விற்றதாகும். மணிக்கு 50 ரூபாய் வீதம் 500 ரூபாயைச் செலவில் சேர்த்தால் மொத்தம் 1,500 ரூபாய். ஒரு பையின் அடக்கம் 62 ரூபாய் 50 காசு. 70 ரூபாய்க்கு விற்றால் 1,680 ரூபாய் வரும். கூலியும் கிடைத்து, 180 ரூபாய் மிச்சமும் நிற்கும். தன் உழைப்பிற்கு விலை போடாத வீட்டில் வரவு தங்காது.

சங்கம் செய்யக்கூடியது

தனியாளாக வெல்லம் வாங்கினால் சில்லறை விலை. இருபது பேர் சேர்ந்து மண்டியில் வாங்கினால் மொத்த விலை. தனியாளாக விற்றால் தெருத் தெருவாக அலையவேண்டும். சேர்ந்து விற்றால் சங்கக் கட்டடத்து வாசலிலும் வாரச் சந்தையிலும் ஒரே கடை போதும். முன்கூட்டியே பள்ளிக்கூடங்கள், ஆலைகள், ஆபீஸுகள் ஆகியவற்றிடம் தேவை கேட்டு எழுதிக்கொண்டு, அந்த அளவிற்கு மட்டும் செய்தால் மிஞ்சி வீணாகாது. "விற்காவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்பவருக்கு இதுவே விடை: கேட்டதைச் செய், செய்ததைக் கேட்கச் சொல்லாதே.

தின்பண்டம் விற்பவர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பையின்மேல் செய்த தேதி, சேர்த்த பொருள்கள், எடை ஆகியவை இருக்கவேண்டும். இது தொந்தரவு என்று நினைக்கலாகாது. முகவரி போட்ட பண்டத்தைத்தான் ஜனங்கள் நம்பி இரண்டாம் முறை வாங்குவார்கள்.

தீபாவளிச் சீட்டு என்று வீடு வீடாகப் பணம் பிரித்துப் பண்டிகைக்கு முதல் வாரம் மறைந்துபோகிறவர்களைப் பற்றி ஆண்டுதோறும் கேள்விப்படுகிறோம். பதிவு பெறாத சீட்டில் ஒரு காசும் போடலாகாது. பொங்கல் கழிந்த வாரம் தொடங்கி, சங்கத்திலோ குழுவிலோ வாரம் 50 ரூபாய் வீதம் 40 வாரங்கள் கட்டினால் தீபாவளிக்கு 2,000 ரூபாய் கையில் இருக்கும். அதுவே வெல்லத்திற்கும் கடலைக்கும் முதலாகும். வட்டி கொடுத்த கை வட்டி வாங்கும் கையாகும்.

இவ்வேலைகளால் எவரும் மாடமாளிகை கட்டிவிட முடியாது. வேளாண்மைக்கு இவை மாற்றும் ஆகா. ஆனால் கடனில்லாமல் ஒரு தீபாவளி கழிந்தால், அடுத்த ஆண்டு பிள்ளையின் புத்தகத்திற்குப் பணம் இருக்கும். நகை அடகுக் கடையில் மூழ்காது. ஊர்தோறும் பத்துக் குடும்பங்கள் இந்த ஆவணியில் தொடங்கிப் பார்க்கட்டும். கார்த்திகை முடிந்ததும் சங்கத்தில் கூடிக் கணக்கைப் படிக்கட்டும். லாபமானாலும் நஷ்டமானாலும் அந்தக் கணக்கே அடுத்த ஆண்டிற்கு நல்ல உபாத்தியாயர்.