350 ரூபாய் ஓஸும் 1,48,000 ரூபாய் செலவும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. எனக்கு முன்னாடி பேசினவங்க மாடு வாங்கினது, தையல் மிஷின் போட்டது எல்லாம் சொன்னாங்க. நான் லாரியைப் பற்றிப் பேசப் போறேன். பொம்பளைங்க கூட்டத்துல லாரிக்கு என்ன வேலைன்னு நினைக்காதீங்க. நம்ம நாமக்கல் பக்கம் லாரி டியூ கட்டுற வீடு கை தூக்குங்கன்னு சொன்னா இந்தப் பந்தல்ல எத்தனை கை வரும்னு உங்களுக்கே தெரியும். வண்டி ஓட்டுறது அவங்க. வண்டி நின்னா வீட்டு வாசல்ல பதில் சொல்றது நாம.

எங்க வீட்டுக்காரர் பத்து வருஷம் அடுத்தவங்க வண்டி ஓட்டினார். 2018-ல் செகண்ட்ஸில் ஒரு பத்து சக்கர லாரி வாங்கினோம். அவரே ஓனர், அவரே டிரைவர். மாசம் 36,000 ரூபாய் டியூ. வாடகை வந்தா டியூவுக்கும் டீசலுக்கும் போக மீதி வீட்டுக்குன்னு நினைச்சோம். ரிப்பேர்னு ஒண்ணு வரும், அதுக்குத் தனியா எடுத்து வைக்கணும்னு யாரும் நினைக்கல. வந்தப்போ பார்த்துக்கலாம்னு இருந்தோம்.

2019 ஆடி மாசம் கியர் பாக்ஸ் போச்சு. 80,000 ரூபாய் வேணும். அவசரத்துக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கினோம். மாசம் 4,000 வட்டி. அடுத்த வருஷம் ஊரடங்கு வந்துச்சு. வண்டி நின்னுச்சு, அந்த வட்டி நிக்கல. பைனான்ஸ்ல தவணையைத் தள்ளி வைக்கச் சொல்லி அரசாங்கம் வழி பண்ணுச்சு. கை வட்டிக்கு யார் வழி பண்ணுவா? ரெண்டு ஆட்டை வித்துக் கட்டினேன். 14 மாசத்துல 56,000 ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருந்தோம், அசல் 80,000 அப்படியே நின்னுச்சு. கடைசியில என் சங்கிலியை வித்துத்தான் அசலை அடைச்சோம்.

அன்னைக்கு ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். குழுவில பேரேடு எழுதின பழக்கம் இருந்துச்சு. டியூ நாளுக்கு 1,200. இன்சூரன்ஸ், வரி, பர்மிட், எஃப்.சி. எல்லாம் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 90,000, அதை நாள் கணக்குல போட்டா 250. ஆக வண்டி ஒரு நாள் சும்மா நின்னா, சோத்துச் செலவு இல்லாமலே 1,450 ரூபாய் நஷ்டம். அதை அவர்கிட்ட காட்டினேன். "வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்"னார். "வண்டியைப் பத்தித் தெரியாதுங்க, கணக்கு தெரியும்"னேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள், "சரி, என்ன பண்ணலாம் சொல்லு"ன்னார்.

கிலோமீட்டருக்கு 3 ரூபாய் ஒதுக்கலாம்னு முடிவு பண்ணினோம். டயருக்கும் ரிப்பேருக்கும் சேர்த்துத்தான். டிரிப் முடிஞ்சு வந்ததும் கிலோமீட்டரைச் சொல்வார், நான் எழுதுவேன். மாசம் 6,000 கிலோமீட்டர் ஓடினா 18,000 ரூபாய். அதை என் பேர்ல இருக்கிற பேங்க் கணக்குல போட்டுடுவேன். வாடகை குறைஞ்ச மாசம் முழுசா போட முடியாது. அப்பவும் 500 ரூபாயாவது போடுவேன். பழக்கம் விடக்கூடாது பாருங்க, நம்ம சந்தா மாதிரி.

2022 மாசியில பெரிய அடி விழுந்துச்சு. சங்ககிரியில சிமெண்டு ஏத்தி கர்நாடகா போறார். தொப்பூர் மேட்டுல ஏறும்போது சூட்டு முள் மேலே போயிருக்கு. ரேடியேட்டர் ஓஸ் கசியுதுன்னு அவருக்கு ஒரு வாரமாவே தெரியும். தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டியிருக்கார். அந்த ஓஸ் விலை 350 ரூபாய். லோடு இறக்கிட்டு வந்து மாத்திக்கலாம்னு இருந்துட்டார். பார்ட்டி அவசரப்படுத்துறாங்கன்னு மேடு முடியட்டும்னு மிதிச்சிருக்கார். மேடு முடியறதுக்குள்ள இன்ஜின் முடிஞ்சு போச்சு. ஆயில் பார்க்கிற குச்சியை உருவினா ஆயில் மோர் மாதிரி வெள்ளையா இருக்குன்னு போன்ல சொன்னார். தண்ணியும் ஆயிலும் கலந்துட்டா கேஸ்கட் போச்சுன்னு அர்த்தம்னு அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது. லோடை வேற வண்டியில மாத்தி, இதைக் கட்டி இழுத்துட்டு வந்தோம்.

முதல் பட்டறையில வண்டியைப் பார்த்துட்டு, "முழு இன்ஜின் வேலை, 2,10,000 ஆகும்"னாங்க. இன்ஜினைத் திறக்கவே இல்லை, எப்படிச் சொல்றாங்கன்னு எனக்குச் சந்தேகம். இன்னொரு மெக்கானிக்கிட்ட நானே போனேன். "அண்ணனை வரச் சொல்லுங்கக்கா"ன்னார். "அண்ணன் வருவார் தம்பி, கணக்கு நான்தான் பார்ப்பேன்"னேன். ஹெட்டைக் கழற்றி, கிராங்கை லேத் பட்டறைக்கு அனுப்பி அளவு எடுக்கச் சொன்னோம். கிராங்க் நல்லா இருக்கு, பாலீஷ் போட்டாப் போதும்னு வந்துச்சு. இப்படி எழுதி வாங்கினேன்:

லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் – 72,000
ஹெட், வால்வு, கிராங்க் லேத் வேலை – 14,000
டர்போ சர்வீஸ் – 16,000
ரேடியேட்டர் – 9,000
ஆயில், பில்டர், கூலண்ட் – 11,000
கூலி – 26,000

மொத்தம் 1,48,000. முதல்ல கேட்டதுக்கு 62,000 குறைவு. திறந்து பார்த்து அளவு எடுத்ததுல மிச்சமானது அது.

பணத்துக்கு என்ன பண்ணினோம்? டயர் மாத்தினது போக ரிப்பேர் கணக்குல 34,000 இருந்துச்சு. கூட்டுறவு வங்கியில தோடும் மோதிரமும் வச்சு 40,000. மெக்கானிக் தம்பி 24,000-த்தை மூணு தவணையா வாங்கிக்கிறேன்னு ஒத்துக்கிட்டார். மீதி 50,000 குழுவில உள்கடன் கேட்டேன்.

குழுவில சுலபமா ஒத்துக்கல. "லாரிக்குக் குடுத்தா ஆம்பளைங்க கையில போயிடும், திரும்ப வராது"ன்னு ஒரு அக்கா நேராவே கேட்டாங்க. கேட்டது தப்பில்லை. நோட்டை அவங்க முன்னாடி விரிச்சு வச்சேன். கிலோமீட்டர், ஒதுக்கின பணம், எழுதி வாங்கின எஸ்டிமேட் எல்லாத்தையும் பார்த்துட்டு, மாசம் 5,000 வீதம் பத்துத் தவணை, ஒரு ரூபா வட்டின்னு தீர்மானம் எழுதினாங்க.

இனிமே சொல்றது சொல்ல வெட்கமான விஷயம். முதல் ரெண்டு தவணையும் நான் கட்டல. வண்டி 19 நாள் பட்டறையில நின்னுச்சு. வெளியே வந்தும் புக்கிங் ஆபீஸ்ல பேலன்ஸ் வாடகை கைக்கு வரல. மெக்கானிக் தவணை, பைனான்ஸ் டியூன்னு எல்லாருக்கும் குடுத்தேன், குழுவை மட்டும் தள்ளி வச்சேன். நம்ம அக்காங்கதானே, பொறுத்துக்குவாங்கன்னு நினைச்சேன். நான் கட்டாததால குழுவில கையிருப்பு குறைஞ்சு, ஒரு அக்கா மகள் நர்சிங் படிப்புக்குக் கேட்டிருந்த கடன் தள்ளிப் போச்சு. அது எனக்குத் தெரிஞ்சதும் கூட்டத்துக்குப் போறதையே நிறுத்திட்டேன். தெருவுல அந்த அக்கா வந்தா வேற சந்துல போவேன்.

ஒரு நாள் அந்த அக்காவே வீட்டுக்கு வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, "பணம் இல்லேன்னா இல்லைன்னு வந்து சொல்லு. நீ வராம இருந்தா உனக்காக ஓட்டுப் போட்ட நாங்க என்னன்னு பதில் சொல்றது?"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. அந்த வாரம் போனேன். எவ்வளவு வரணும், எப்ப வரும்னு எழுதிக் காட்டினேன். மூணாவது மாசத்துல இருந்து ஒரு தவணையும் தவறல. கணக்குப்படி 2,750 ரூபாய் வட்டி கட்ட வேண்டியது, ரெண்டு மாசம் தவறினதுல 3,750 ஆச்சு. அஞ்சு வட்டிக்கு 56,000 கட்டினவளுக்கு இது பெரிசில்லை. ஆனா அந்த 1,000 ரூபாயை நான் மறக்கல. அந்தப் பொண்ணு ஒரு மாசம் தாமதமா பீஸ் கட்டினா. இப்ப ரெண்டாம் வருஷம் படிக்கிறா.

சகோதரிகளே, லாரியோ ஆட்டோவோ டிராக்டரோ, உங்க வீட்டு வண்டிக்கும் பட்டறைச் செலவு வரும். நான் அடிபட்டுத் தெரிஞ்சுகிட்டதைச் சொல்றேன்.

திறந்து பார்க்காம சொல்ற விலைக்குத் தலையாட்டாதீங்க. சாமான் தனி, லேத் தனி, கூலி தனின்னு எழுதி வாங்குங்க. கூட வேலை வந்தா போன் பண்ணிக் கேட்டுட்டுச் செய்யச் சொல்லுங்க. மாத்தின பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்க. பழசு கைக்கு வந்தாத்தான் புதுசு உள்ளே போச்சான்னு தெரியும், இரும்புக் கடையில போட்டா காசும் வரும். சாமானுக்குப் பில் வாங்கி வையுங்க. வாரண்டி கேட்கப் போனா அதுதான் பேசும்.

நம்ம ஊர் போர் தண்ணி உப்புத் தண்ணி. ரேடியேட்டர்ல ஊத்தினா உள்ளே படிஞ்சு அடைச்சுக்கும், கூலண்ட்தான் ஊத்தணும். சூட்டு முள் ஏறினா ஓரமா நிறுத்தி ஆற விடச் சொல்லுங்க. சூடா இருக்கும்போது மூடியைத் திறந்தா முகம் வெந்து போகும். கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தினா ஹெட்டே விரிசல் விடும். எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. அந்தச் செலவையும் மாசம் மாசம் எடுத்து வையுங்க.

இப்ப டிரிப் போய் வந்ததும் எங்க வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வருவார், நான் நோட்டோட பின்னாடி போவேன். ஓஸ், பெல்ட், கமான் பட்டை, டயர்னு அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். 500 ரூபாய்க்குள்ள முடியற வேலையா இருந்தா அடுத்த லோடு ஏத்துறதுக்கு முன்னாடி முடிச்சாகணும். இது எங்க வீட்டுச் சட்டம். போன மாசம் ஒரு பெல்ட் மாத்தினோம். "நல்லாத்தானே இருந்துச்சு"ன்னார். "நல்லா இருக்கும்போது மாத்தினாத்தாங்க 500"ன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டார்.

கடைசியா ஒண்ணு. வண்டி வச்சிருக்கிற குடும்பங்க நம்ம ஊராட்சியில நிறைய. குழுவில பட்டறைச் செலவுக்குன்னு கடன் கேட்டு வந்தா, "ஆம்பளைங்க விஷயம்"னு தள்ளாதீங்க. நோட்டு இருக்கான்னு கேளுங்க. இல்லேன்னா எங்க வீட்டுக்கு அனுப்புங்க, எழுதக் கத்துக் குடுக்கிறேன்.

என்னை நம்பிக் கடன் குடுத்த குழுவுக்கும், அன்னைக்கு வீடு தேடி வந்த அக்காவுக்கும் நன்றி சொல்லி முடிக்கிறேன்.