வெண்திரையும் பாலாற்று உப்பும்
(வாலாஜாபேட்டையில் கூடிய ‘சுற்றுச்சூழலும் திரைப்படமும்’ கருத்தரங்கில் நிகழ்த்திய தலைமை உரை)



இந்த அவைக்குத் தலைமை வகிக்கும்படி அன்பர்கள் கேட்டுக்கொண்டபோது, இவ்விஷயத்தில் என்னைவிடப் பாண்டித்தியம் மிக்கவர்கள் இதே மண்டபத்தில் அமர்ந்திருப்பார்கள் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் நான் மறுக்கவில்லை. மறுக்க மனம் வராததற்குக் காரணம் கூட்டம் நடைபெறும் ஊர். திரைப்படத்தின் வாயிலாகவும் வானொலி, தொலைக்காட்சி முதலிய பிற சாதனங்களின் வாயிலாகவும் நாடுகள்தோறும் சுற்றுச்சூழல் பற்றிய விழிப்பை உண்டாக்குவது எப்படி என்று ஆராய்பவர்கள், குளிரூட்டிய நகரத்து அரங்கொன்றில் கூடிக் கலைந்துவிடாமல், எந்த ஆற்றைப் பற்றிப் பேச வேண்டுமோ அந்தப் பாலாற்றின் பக்கத்திலேயே கூடியிருப்பது மிகவும் பொருத்தமானது.

நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்த ஊருக்கு வெளியுலகத் தொடர்பு புதிதன்று. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜா ரோடு வரையில்தான் ஓடிற்று. பின்னாளில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பாலாற்றுப் படுகையில் செழித்த தோல் தொழில், ஐரோப்பியர் காலுக்கு வேண்டிய தோலையும் அதன் பின் காலணியையுமே அனுப்பத் தொடங்கிற்று. சரக்கு கடல் கடந்து போயிற்று. சரக்கைப் பதப்படுத்திய நீர் மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. நம்முடைய விஷயம் நாடுகளுக்கு இடைப்பட்ட விஷயமாவது இந்த ஒரு காரணத்தினாலேயே என்பது என் அபிப்பிராயம்.

1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு மனுக்கள் நிலுவையில் இருந்தன. ஒன்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்துத் தொடுத்தது. மற்றொன்று, வழக்கறிஞர் எம். சி. மேத்தா, சுற்றுச்சூழல் அறிவை ஜனங்களிடம் பரப்புமாறு அரசாங்கத்துக்கு ஆணையிட வேண்டும் என்று கோரித் தாமே தொடுத்தது. வேலூர் வழக்கிலும் வாதாடி நீதிபதிகளின் பாராட்டைப் பெற்றவர் அதே மேத்தாதான். இரண்டாவது மனு விரைவிலேயே தீர்ந்தது. சினிமாக் கொட்டகைகளும் டூரிங் டாக்கீஸுகளும் வீடியோ பார்லர்களும் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழலைப் பற்றிய இரண்டு ஸ்லைடுகளையாவது கட்டணமின்றிக் காட்ட வேண்டும். அது உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்றாக வேண்டும். வானொலியும் தூரதர்ஷனும் நாள்தோறும் ஐந்து முதல் ஏழு நிமிஷம் இதற்கென ஒதுக்க வேண்டும். பள்ளிகளில் இது கட்டாயப் பாடமாக வேண்டும் என்றெல்லாம் அவ்வாண்டு நவம்பர் 22-ஆம் தேதி தீர்ப்பாயிற்று. ஒரு தேசத்தின் உச்ச நீதிமன்றம் சினிமாக் கொட்டகையைப் பள்ளிக்கூடத்துக்குச் சமானமாக வைத்துப் பேசியது சாமானிய விஷயமன்று.

ஆனால் இங்கே கூடியிருப்பவர்களில் அந்த ஸ்லைடுகளில் ஒன்றையாவது நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? புகையிலையின் தீமையைக் காட்டும் எச்சரிக்கைப் படத்தின் வசனத்தை இன்று சிறு குழந்தையும் மனப்பாடமாகச் சொல்கிறது. மரம் வளர்ப்போம் என்று எழுதிய கண்ணாடித் தகடோ முறுக்கு விற்பவரின் குரலோடு சேர்ந்து கரைந்துபோயிற்று. அதற்கு முன் 1948-இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனும் ஏறக்குறைய இதே கதியைத்தான் அடைந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் செய்திப் படங்களையும் விளக்கப் படங்களையும் அது தயாரித்துத் தேசமெங்கும் கட்டாயமாகத் திரையிடச் செய்தது. அவற்றில் உயர்ந்த கலைத்திறன் வாய்ந்தவை பல உண்டு என்றாலும், அந்தப் பத்து நிமிஷம் நம்மவர்க்கு வெளியே நின்று சோடா குடிக்கும் வேளையாகவே இருந்தது. கட்டாயத்தினால் கதவைத் திறக்கலாம். உள்ளே உட்கார வைப்பதற்கு வேறு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைக் கே. பாலசந்தர் 1981-இல் ‘தண்ணீர் தண்ணீர்’ என்று படமாக்கியபோது எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. அத்திப்பட்டி ஜனங்களின் தாகம் அரசியலோடு பிணைந்தது என்பதை டிக்கெட் வாங்கி வந்து பார்த்து அறிந்துகொண்டோம்.

வேலூர் வழக்கில் தீர்ப்பு வர மேலும் ஐந்தாண்டுகள் ஆயின. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் வழங்கிய அந்தத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டையும், தீங்கு முற்றும் நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று சொல்லியதால், உலகெங்கும் சட்டம் படிப்போர் வேலூரின் பெயரை உச்சரிக்கிறார்கள். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்பதும் அத்தீர்ப்பிலே பதிவாகியிருக்கின்றன. இவற்றை ஏன் சொல்கிறேன் என்றால், சட்டம் படிப்பவனுக்குத் தெரிந்த இந்த விவரம் ஆற்றங்கரையில் குடத்தோடு நிற்பவளுக்கு எந்தச் சாதனத்தின் வழியாக வந்து சேர்ந்தது என்ற கேள்வியை உங்கள் முன் வைப்பதற்காகத்தான்.

இனித் திரைப்படக் கலைஞர்களிடம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். இங்குள்ள தீமையைப் படம்பிடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காட்சிகளோடு திரும்பிப் போகிறார்கள். ராணிப்பேட்டையில் 1995-இல் மூடிய குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவுக் குவியலும், மழைக்காலத்தில் அதிலிருந்து ஒழுகும் மஞ்சள் நீரும் ஒன்று. ஓடையில் மிதக்கும் நுரை மற்றொன்று. 2006-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் உலகிலேயே மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையைச் சேர்த்த பிறகு அந்த மஞ்சள் நிறம் பல தேசத்துப் பத்திரிகைகளிலும் அச்சேறிற்று. அது பொய்க் காட்சி என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாலாற்றுப் படுகையின் பெரிய துன்பம் நிறமற்றது, மணமற்றது, மண்ணுக்கு அடியில் இருப்பது. அதன் பெயர் உப்பு.

உரித்த தோல் அழுகாதிருக்க அதன்மேல் சாதாரண உப்பை அள்ளி அப்புகிறார்கள். பதனிடும் தொழிற்சாலையில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்ட காலத்திலும் இந்த உப்பு இருந்தது. 1970-களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்து, குரோமியத்தைக் கொண்டு முழுமையாகப் பதனிடும் முறை பரவியபோது நீரும் ரசாயனமும் பெருகின. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நுண்ணுயிர்களைக் கொண்டு அழுகும் பொருள்களை அவை நீக்கினவே தவிர, நீரில் கரைந்த உப்பை அவற்றால் நீக்க முடியவில்லை. சவ்வூடு வடிகட்டும் இயந்திரங்களையும் கொதிகலன்களையும் வைத்து ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்த இடங்களிலும், வற்றவைத்த நீரின் மிச்சமாகிய கலப்பு உப்பு மூட்டைகள் எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் கிடங்குகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இதை எப்படிப் படம் பிடிப்பீர்கள்? கரிக்கும் கிணற்றின் நீரையும் நல்ல கிணற்றின் நீரையும் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் வைத்தால் காமிராவுக்கு இரண்டும் ஒன்றே. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது; அதன் நீர் கீழே நடக்கிறது. வாயில் வைத்துத் துப்பும் கிழவரின் முகமும், குடிநீர் வண்டிக்காகக் காத்திருக்கும் குடங்களின் வரிசையும், காய்ப்புக் குறைந்த தென்னையும்தான் அங்கே காட்சியாகக் கூடியவை. எஞ்சியதைச் சொல்லால்தான் நிரப்ப வேண்டும். ஆகையால், பார்த்த மாத்திரத்தில் பதறவைக்கும் காட்சியை நாடி ஓடும் இக்காலத்துப் படங்களைவிட, பொறுமையாக உட்கார்ந்து கதை சொல்லும் வானொலி இவ்வூருக்கு அதிகப் பிரயோஜனமாக இருக்கலாம் என்பது என் துணிபு. திரைப்படக் கருத்தரங்கில் வானொலியைப் புகழ்வது விருந்துக்கு வந்த இடத்தில் பக்கத்து வீட்டுச் சமையலைப் புகழ்வது போலாகும், அறிஞர்கள் பொறுத்தருள்க.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சைத் திரையில் காட்டிய வித்தகர் ஒருவர் ஜப்பானில் இருந்தார். மினமாட்டாக் குடாவில் சிசோ என்னும் ரசாயனத் தொழிற்சாலை கலந்த பாதரசம் மீன்களின் வழியே மனிதரின் நரம்பைத் தாக்கியதை, 1956-இல் நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்ட பிறகும், பல ஆண்டுகள் மூடி மறைத்தார்கள். சுச்சிமோட்டோ நோரியாகி 1971-இல் எடுத்த படம் அந்த நோயாளிகளின் வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் எவ்விதம் உண்டார்கள், மீன் பிடித்தார்கள், சிரித்தார்கள் என்பதைச் சாவகாசமாகக் காட்டிற்று. உலகம் பார்த்தது, 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மாநாடு கூடியபோது நோயாளிகளே அங்கே சென்று நின்றார்கள். என்னை வியக்கவைப்பது அதற்குப் பின் அவர் செய்த காரியம். 1977-இல் தம் படங்களைத் தூக்கிக்கொண்டு ஷிரானுய் கடலோரத்து மீனவக் கிராமங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்த் திரை கட்டிக் காட்டினார். தமக்கு வந்திருப்பது இன்ன நோய் என்றே அறியாதவர்களும், அறிந்து வெட்கத்தால் மறைத்தவர்களும் அந்த ஊர்களில் இருந்தார்கள்.

அதே மினமாட்டாவில் யூஜீன் ஸ்மித் எடுத்த ஒரு புகைப்படம், நோயுற்ற மகளைத் தாய் குளிப்பாட்டுவது, ‘லைஃப்’ பத்திரிகையில் வெளியாகி உலகத்தின் மனத்தை உலுக்கிற்று. மகள் காலமான பல ஆண்டுகளுக்குப் பின், அவளை இனி இளைப்பாற விட வேண்டும் என்று பெற்றோர் விரும்ப, புகைப்படக்காரரின் முன்னாள் மனைவி அதற்கு இணங்கி அப்படத்தைப் புதிதாக வெளியிடுவதை நிறுத்தினார். நன்மைக்காக எடுத்த படத்துக்கும் எடுக்கப்பட்டவரிடம் கடன் உண்டு. அந்தக் கடனுக்குக் கெடுவும் உண்டு. நம்மூர்த் தோல் தொழிலாளியின் வெடித்த கையை மிக நெருக்கத்தில் காட்டும் படத்தை அந்தத் தொழிலாளி பார்த்தாரா என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஏற்படவில்லை.

நம் நாட்டுத் திருஷ்டாந்தங்களும் இல்லாமலில்லை. சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி கர்நாடகத்துக் குதிரேமுக் இரும்புச் சுரங்கத்தைப் பற்றி 2001-இல் எடுத்த சிறு படம், பத்திரா நதியின் தலையில் மண் எப்படிச் சரிகிறது என்பதை மழைக்காலத்தில் நின்று காட்டிற்று. சுரங்கத்தை எதிர்த்துப் போராடியவர்களின் கைக்கு அது வலிமை தந்தது. 2005 முடிவோடு சுரங்கம் நிற்க வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கொடைக்கானலின் கதை வேறு விதம். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு அம்பலமானதால் 2001-இல் மூடப்பட்டது. 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் அமெரிக்க மெட்டொன்றில் ஆங்கிலத்தில் பாடிய சிறு காணொளி உலகெங்கும் பரவிற்று; மறு ஆண்டு மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுகள் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின் மேல்தான் அந்தப் பாட்டு ஏறி நின்றது என்பதை மறந்துவிட்டுப் பாட்டே வென்றது என்று பேசுவது நியாயமாகாது. எனினும் யார் காதில் விழ வேண்டுமோ அவர்களுடைய பாஷையில் பாடிய சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். 2018-இல் டி. எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடிய இரண்டாம் பாட்டில் தமிழும் ஒலித்தது.

பாஷையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு துயரம் நினைவுக்கு வருகிறது. 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றங்கரையில் இன்று விழிப்புணர்வுப் படம் எடுப்பவர் தமிழிலும் உருதுவிலும் எடுத்தால் போதாது, வங்காள மொழியிலும் குரல் கொடுக்க வேண்டும். இப்படிப் பிழைக்க வருவோரை நினைக்கையில், தோல் தொழிலைக் கொடியவனாகவும் கிராமத்தைப் பாவமறியாததாகவும் காட்டும் படங்களை நான் ஒப்புவதற்கில்லை. இந்தத் தொழிலை நம்பி லட்சோபலட்சம் குடும்பங்கள் உலை வைக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை வேறு எந்தத் தொழிலும் வாசலில் நிற்க விடாத குடும்பங்கள்.

இந்த அவையிடம் நான் கோருவது இதுதான். டாக்காவின் ஹஜாரிபாகில் இருந்த தோல் தொழிற்சாலைகள் 2017-இல் சாவாருக்குப் போயின. கான்பூரில் கங்கைக் கரையிலும், இத்தாலியில் ஆர்னோ நதிக்கரையின் சாந்தா குரோச்சேயிலும், மெக்ஸிகோவின் லியோனிலும் நம்மைப் போலவே தோலால் வாழ்ந்து தோலால் நொந்த ஊர்கள் இருக்கின்றன. திரைப்பட விழாக்களின் வழியே பாரிஸையும் பெர்லினையும் எட்டும் நம் படங்கள் அந்த ஊர்களை எட்டுவதில்லை. அவர்களுடைய படங்களும் ஆம்பூருக்கு வருவதில்லை. உப்பை அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஆம்பூர்க்காரர் பார்க்கட்டும். 2025 ஜனவரி 30-ஆம் தேதி வேலூர்த் தோல் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் இட்ட ஆணையைச் சாவார்க்காரர் கேட்கட்டும். இப்படித் தோல் ஊர்கள் ஒன்றுக்கொன்று படங்களை அனுப்பி, அந்தந்த ஊர்ப் பாஷையில் குரல் சேர்த்துத் திரையிடும் ஓர் ஏற்பாட்டை இந்தக் கருத்தரங்கு கலைவதற்குள் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். இங்கே எடுக்கும் படம் எதுவாயினும் அதன் முதற்காட்சி எடுத்த ஊரிலேயே நடைபெற வேண்டும் என்பதையும் அந்தத் தீர்மானத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இன்று மாலை இம்மண்டபத்தில் காட்டவிருக்கும் படங்களுக்குப் பிரதிநிதிச் சீட்டு வைத்திருப்பவர்களை மட்டுமே அனுமதிப்பதாக நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு ஊராரை உள்ளே விடும்படி வரவேற்புக் குழுவினரை வேண்டி, கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.