மறுபடி விழுந்தவர் மறுநாளே வரட்டும்

(பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறு வானொலி மறையுரை)



தவக்காலம் வந்தால் நம் பங்குகளில் ஓர் அதிசயம் நடக்கிறது. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட கையோடு, குடிப்பழக்கம் உள்ள எத்தனையோ சகோதரர்கள் நாற்பது நாளும் மதுவைத் தொடமாட்டோம் என்று ஒறுத்தல் எடுக்கிறார்கள். பலர் அதைக் காப்பாற்றவும் செய்கிறார்கள். அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் கூலிப்பணம் முழுதாக வந்து சேர்கிறது. பிள்ளைகள் அப்பா வரும் நேரத்தில் தூங்குவதுபோல் நடிப்பதில்லை. பாஸ்கா திருவிழிப்பில் குடும்பமாக மெழுகுதிரி பிடித்து நிற்கிறார்கள்.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. உறவினர் வருகிறார்கள், பிரியாணி வேகிறது. மச்சான் முறையில் ஒருவர், "நாப்பது நாள் இருந்துட்டீங்க, பண்டிகை அன்னைக்கு ஒண்ணு போட்டா என்ன ஆயிடப்போவுது?" என்கிறார். அந்த ஒன்றோடு அது நிற்பதில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலியில், தவக்காலம் முழுவதும் அவர் நின்ற இடம் காலியாக இருக்கிறது. இன்று நாம் சிந்திக்க இருப்பது அந்தக் காலியான இடத்தைப் பற்றித்தான்.

இன்றைய நற்செய்தியில் பேதுருவைப் பாருங்கள். எல்லாரும் விட்டுப்போனாலும் தாம் விடமாட்டோம் என்று ஆண்டவரிடமே உறுதி கூறியவர் அவர். அதே இரவில், தலைமைக் குருவின் முற்றத்தில், கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே மூன்று முறை மறுதலித்தார். அதன்பின் உயிர்த்த ஆண்டவரைக் கண்டார். ஆயினும் மீண்டும் படகுக்கும் வலைக்கும் போகிறார். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் மறுபடியும் ஒரு கரி நெருப்பு. யோவான் தம் நற்செய்தியில் கரி நெருப்பைப் பற்றிச் சொல்வது இந்த இரண்டு இடங்களில் மட்டுமே. அவர் விழுந்த இடத்தின் மணம் அப்படியே அங்கே இருக்கிறது.

அங்கே ஆண்டவர் முதலில் செய்தது என்ன? விசாரணை நடத்தவில்லை, சாப்பிடக் கூப்பிட்டார். அப்பமும் மீனும் கொடுத்து, பசி ஆறிய பிறகுதான் பேசினார். ஏன் அப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. இனி மறுதலிக்க மாட்டேன் என்று சத்தியம் செய் என்றும் சொல்லவில்லை. அன்பு இருக்கிறதா என்று மட்டும் மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்தார்.

இந்த இடத்தில் குருக்களாகிய நாம் நம் தவற்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்குமனைக்கு ஒரு சகோதரரை அழைத்து வந்தார்கள். பீடத்தின் முன் முழந்தாளிடச் செய்து, திருவிவிலியத்தின் மேல் கைவைத்து, இனி வாழ்நாளில் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினோம். ஐந்து மாதம் இருந்தார். ஆறாம் மாதம் விழுந்தார். அதன்பின் தெருவில் நம் வெள்ளை அங்கியைக் கண்டாலே வேறு சந்தில் திரும்பிப் போய்விடுவார். ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கையே மீறியவர் என்று நாமும் மனத்துக்குள் அவரைத் தள்ளி வைத்துவிட்டோம். ஓராண்டு கழித்து அவர் மனைவி வந்து சொன்னார்: "சாமி, குடிக்கிறதால அவரு கோவிலுக்கு வராம இல்ல. சத்தியத்த முறிச்சிட்டோமேன்னுதான் வராம இருக்காரு. அந்த வேதனைக்கே இன்னும் குடிக்கிறாரு."

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். சத்தியம் வாங்கத் தெரிந்த நமக்கு, மறுநாள் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கத் தெரியாமல் போயிற்று.

அன்பார்ந்தவர்களே, மதுவுக்கு அடிமையாதல் ஒரு நோய் என்று மருத்துவம் சொல்கிறது. பழக்கம் வேரூன்றும்போது ஒருவரது பொறுப்பு குறையக்கூடும் என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வியும் 1735ஆம் எண்ணில் கற்பிக்கிறது. குடிக்கலாம் என்பதற்கு இது அனுமதி அல்ல. நோயாளி மருந்து தேடக் கடமைப்பட்டவர். ஆனால் நோய் திரும்பியதற்காக நோயாளியை யாரும் விரட்டுவதில்லை.

சீன நாட்டில் மாற்கு ஜி தியான்சியாங் என்று ஒரு மருத்துவர் இருந்தார். வயிற்று நோய்க்கு அபின் எடுத்து அதற்கே அடிமையானார். அதே பாவத்தை மறுபடி மறுபடி ஒப்புரவில் அறிக்கையிட்டார். இவர் உண்மையாக மனம் வருந்தவில்லை என்று எண்ணிய குரு, பாவமன்னிப்பை மறுத்துவிட்டார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் நற்கருணை இல்லாமலேயே அவர் வாழ்ந்தார். ஆனாலும் கோவிலை விட்டுப் போகவில்லை. 1900இல் பாக்சர் கலகத்தில் தம் குடும்பத்தாருடன் பிடிபட்டார். தம் வீட்டார் எவரும் தனியாகச் சாகக்கூடாது என்று, தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி கேட்டுக்கொண்டார். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார். அபினை வென்றவர் என்று திருஅவை அவரைப் போற்றவில்லை. விழுந்து விழுந்தும் ஆண்டவரை விடாதவர் அவர். ஒப்புரவு அருளடையாளம் நம்மிடம் கேட்பது திருந்த வேண்டும் என்ற உறுதியான மனத்தையே. இனி விழவே மாட்டோம் என்ற உத்தரவாதத்தை அல்ல.

அப்படியானால் விழுந்தவர் என்ன செய்வது? பேதுருவோடு யூதாசையும் நினைத்துப் பாருங்கள். இருவரும் அதே இரவில் தவறினார்கள். இருவரும் மனம் வருந்தினார்கள். யூதாசு தன்னைப் பயன்படுத்திக்கொண்டவர்களிடமே திரும்பிப் போனான்; அது உன் பாடு என்று அவர்கள் கைவிட்டார்கள். பிறகு அவன் தனியாகப் போனான். பேதுருவோ மற்றச் சீடரோடு இருந்தார். அந்தப் படகில் அவரோடு சேர்த்து ஏழு பேர். அவர்களும் பயந்து ஓடியவர்கள்தாம். ஆனால் ஒன்றாக இருந்தார்கள்.

ஆகவே, இந்த வாரம் மறுபடி குடித்துவிட்ட சகோதரரே, நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மனைவியிடமோ அண்ணனிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லுங்கள். நாற்பது நாள் வீணாகவில்லை. நாற்பது நாள் உங்களால் முடியும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். எங்கே வழுக்கியது என்று பாருங்கள். சம்பள நாளா, டாஸ்மாக் கடை வழியாக வீடு திரும்பியதா, வீட்டில் நடந்த சண்டையா, பசியா, தனிமையா, அலுப்பா என்று கண்டுபிடித்து, அந்த நாளுக்கும் அந்த வழிக்கும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் மிகுதியாகக் குடித்து வந்தவர்கள் மருத்துவரைப் பாராமல் திடீரென்று நிறுத்த வேண்டாம். கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் முதல் சில நாட்களிலேயே வந்து உயிருக்கு ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உதவி உண்டு. 14446 என்ற கட்டணமில்லாத எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

ஏ.ஏ. என்று சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைத் தேடிப் போங்கள். கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். அந்த அமைப்பே ஒருவர் மறுபடி விழுந்ததிலிருந்துதான் பிறந்தது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன், குடியால் சீரழிந்திருந்த டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். டாக்டர் குடியை நிறுத்தினார். சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனவர், குடித்துவிட்டுத் திரும்பினார். பில் அவரைக் கைவிடவில்லை. கூடவே இருந்து தேற்றினார். டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. பின்னர் 1939இல், அதே நகரின் கத்தோலிக்க மருத்துவமனையில், அருள்சகோதரி இக்னேசியா அவரோடு சேர்ந்து இப்படிப்பட்ட நோயாளிகளுக்குப் படுக்கை கொடுக்கத் தொடங்கினார்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். அவருடைய கடனை நீங்கள் அடைக்க வேண்டாம். அவர் வேலைக்குப் போகாததற்கு நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கவே கலக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அடியைத் தாங்கிக்கொள்வது சிலுவை சுமப்பது ஆகாது. அடி விழுந்தால் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். அவர் தெளிந்திருக்கும் காலை நேரத்தில், மருத்துவரிடம் கூட வருகிறோம் என்று சொல்லுங்கள்.

பங்குச் சமூகமாகிய நமக்கும் வேலை இருக்கிறது. நம் வீட்டு விசேஷங்களில், விட்டவர் கையில் கிளாசைத் திணிக்காதிருப்போம். அன்பியக் கூட்டத்தில் ஒருவரைக் காணவில்லையென்றால் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். புத்தி சொல்ல அல்ல, சாப்பிட்டீர்களா என்று கேட்க.

நாம் முன்பு சொன்ன சகோதரர் பிறகும் இரண்டு முறை விழுந்தார். முதல் முறை ஒரு வாரம் கழித்து வந்தார். இரண்டாம் முறை மறுநாள் காலையே, கண் சிவந்தபடி, பங்குமனை வாசலில் நின்றார். சகோதரரோடு சேர்ந்து காப்பி குடித்தோம். பிறகு மருத்துவமனைக்குப் போனோம். இப்போது கோவிலில் தம் பழைய இடத்தில் நிற்கிறார். நாளையும் நிற்க வேண்டும் என்று நாம் அவருக்காகத் தினமும் செபிக்கிறோம்.

உயிர்த்த ஆண்டவரே, எங்களில் விழுந்தவர்களை உம் கரையில் காத்திருந்து அழைத்தருளும். அவர்கள் வரும்போது வழிமறித்து நிற்காத மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.