மின்சாரம் கல்வி புகட்டுமா?
(வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பரீட்சை நெருங்கும்போது மாணவராகிய நாம் எல்லோரும் ஒரு வரத்தை வேண்டுகிறோம். ஒருமுறை படித்தது மறவாதிருக்க வேண்டும் என்பதே அவ்வரம். அதனை மின்சாரம் தரும் என்று இன்று சிலர் பகர்கின்றனர். தலையில் அணியும் கருவிகளும் விலைக்கு வந்துவிட்டன. இஃது எவ்வளவு உண்மை என்று சற்றே ஆராய்வோம்.

தலைக்கு மின்சாரம் ஏற்றுவது புதிதன்று. கி. பி. முதலாம் நூற்றாண்டிலே உரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலையிடி தீர உயிருள்ள மின்திருக்கையை நோவுள்ள இடத்தில் வைக்கும்படி எழுதிவைத்தார். 2000ஆம் ஆண்டிலே யேர்மனியின் கெற்றிங்கன் நகரில் நிற்சே, பவுலஸ் என்னும் அறிஞர் இருவர், மண்டையைத் திறவாமலே, ஏறத்தாழ 1 மில்லி அம்பியர் மின்னோட்டத்தைத் தலையின்மேல் செலுத்தினர். கையை இயக்கும் மூளைப் பகுதியின் கிளர்ச்சி, நேர்மின்வாயின் கீழ் மிகுந்தது. எதிர்மின்வாயின் கீழ்க் குறைந்தது. மின்னோட்டத்தை நிறுத்திய பின்னும் சில நிமிடம் அம்மாற்றம் நிலைத்தது.

இதற்கும் கல்விக்கும் சம்பந்தம் யாது? ஒருங்கே தொழிற்படும் நரம்புக் கலங்களின் இணைப்பு வலுப்பெறுவதே கற்றலின் அடிப்படை என 1949இல் கனடா அறிஞர் டொனால்ட் ஹெப் கூறினார். இம்மெல்லிய மின்னோட்டம் அக்கலங்களைத் தானே தொழிற்படச் செய்வதில்லை. தொழிற்பட ஆயத்தமாக்குகின்றது, அவ்வளவே. மழை பெய்தாலும் விதையாத வயலில் நெல் விளையுமா? 2009இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், ஐந்து நாள் மின்னோட்டத்துடன் பயின்றோர் கைத்திறனில் மற்றோரினும் தேர்ச்சி பெற்றனர். ஆனால் அவர்களும் ஐந்து நாளும் பயின்றவர்களே! பின்வந்த ஆராய்ச்சிகள் யாவும் ஒரே முடிவைத் தரவுமில்லை.

நட்டமும் உண்டு. 2013இல் ஒக்ஸ்போர்ட் அறிஞர்கள் புதிய எண் குறியீடுகளைக் கற்பித்துப் பார்த்தனர். மூளையின் ஓரிடத்தில் மின்னோட்டம் செலுத்தக் கற்றல் விரைந்தது. கற்றதைத் தடையின்றிக் கையாளும் ஆற்றலோ குன்றியது. வேறோரிடத்தில் செலுத்த, விளைவு தலைகீழாயிற்று.

ஒன்றை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். சென்ற பரீட்சைக்கு முன் நாமும் அறைத் தோழரும் 9 வோல்ற்றுப் பற்றரியும் கம்பியும் வாங்கி வைத்திருந்தோம். வீட்டிலே இதனைச் செய்து பார்ப்போரை எச்சரித்து 39 ஆராய்ச்சியாளர் 2016இல் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தை வாசித்த பின்னரே அவற்றை ஒதுக்கினோம். தோலைச் சுடக்கூடும், விளைவு ஆளுக்காள் வேறுபடும், நெடுங்காலப் பலன் தெரியாது என்பன அக்கடிதத்தின் சாரம்.

பாரிசவாதத்தால் தளர்ந்த கை மீண்டும் பழகுவதற்கு இம்முறை உதவுமா என வைத்தியர்கள் ஆராய்கின்றனர். அம்முயற்சி வெல்லட்டும். ஆனால் பெற்றோர்களே, வளரும் பிள்ளையின் தலைக்கு இக்கருவியை வாங்கிக் கொடாதீர்கள். நண்பர்களே, படித்ததைத் திரும்பப் படிப்போம். இரவில் நன்றாக உறங்குவோம். படித்ததை மூளை பதித்துக்கொள்வதற்கு உறக்கமும் வேண்டும். இவ்விரண்டிற்கும் பற்றரி தேவையில்லை.